விழித்திருக்கும் வேலை

சந்தைக்குச் சென்று இரவில் ஊர் திரும்பும் மாட்டுவண்டிகளை நம் நாட்டுப்புறச் சாலைகளில் முன்னெல்லாம் அடிக்கடி காணலாம். நடுநிசி கடந்திருக்கும். வண்டிக்காரர் முன்புறத்தில் சாய்ந்தபடியே உறங்கிப்போயிருப்பார். கயிறு கையிலிருந்து நழுவியிருக்கும். ஆயினும், வண்டி தடம் மாறாமல் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும். காளைகளுக்கு வழி தெரியும். பள்ளத்தைக் கண்டால் அவை தயங்கும். குறுக்கே ஏதேனும் கிடந்தால் நின்றுவிடும். அவற்றுக்கும் உயிர் உண்டு, உயிர்மேல் ஆசையும் உண்டு. போகும் வேகமோ மனிதன் நடக்கும் வேகந்தான். ஆகவே, வண்டிக்காரர் உறங்கினாலும் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை.

இக்காலத்தில் உலகின் பல நாடுகளிலும், அண்மையில் நம் நாட்டிலும், விற்பனைக்கு வந்திருக்கும் சில மோட்டார் கார்கள் அந்த மாட்டுவண்டியை நமக்கு நினைவூட்டுகின்றன. அவை தாமே வளைந்து திரும்புகின்றன. தாமே வேகத்தைக் கூட்டுகின்றன, குறைக்கின்றன. ஓட்டுபவர் கையை எடுத்தாலும் சிறிது தூரம் ஒழுங்காகவே செல்கின்றன. ஆனால், இந்த வண்டியில் பூட்டியிருப்பவை காளைகள் அல்ல. வேகமும் மணிக்கு நான்கு கிலோமீட்டர் அன்று, நூறு கிலோமீட்டர். இத்தகைய வண்டியில் அமர்ந்திருக்கும் மனிதனின் விழிப்பு என்ன ஆகிறது, அவனுக்கு உண்டாகும் களைப்பு எத்தகையது என்பதைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

காரோட்டியின் வேலையை யந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி புதியதன்று. அமெரிக்காவில் ரால்ஃப் டீட்டர் என்ற பொறியியல் வல்லுநர் இருந்தார். ஐந்து வயதில் ஒரு விபத்தினால் அவர் கண்ணொளியை இழந்தவர். பிறர் ஓட்டும் காரில் அமர்ந்து செல்லும்போது, அது சீரான வேகத்தில் செல்லாமல் விட்டு விட்டு இழுப்பது அவருக்குப் பெருந்தொல்லையாக இருந்ததாம். ஒரே வேகத்தைக் காக்கும் கருவியை அவர் அமைத்து, 1950ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1958ஆம் ஆண்டின் கிரைஸ்லர் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. பின்னர் ரேடார் கருவி சேர்ந்தது. முன்னே செல்லும் வண்டி வேகத்தைக் குறைத்தால் பின்வரும் காரும் தானே குறைத்துக்கொண்டது. அதன் பின்னர்க் காமிராக்கள் வந்தன. சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகளைப் பார்த்து, காரை அவற்றின் நடுவே நிறுத்தும் திறமையும் உண்டாயிற்று. 2015ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் டெஸ்லா என்னும் அமெரிக்க நிறுவனம் இவ்விரு திறமைகளையும் இணைத்து, 'ஆட்டோபைலட்' என்ற பெயரில் தன் கார்களில் வழங்கியது. வேறு நிறுவனங்களும் இத்தகைய ஏற்பாடுகளை வெவ்வேறு பெயர்களில் வழங்குகின்றன.

அமெரிக்க மோட்டார்ப் பொறியியலார் சங்கம் 2014ஆம் ஆண்டில் இத்தகைய கார்களை ஆறு படிகளாக வகுத்தது. பூஜ்யம் என்ற படியில் எல்லாம் மனிதன் கையில். ஐந்தாம் படியில் எல்லாம் யந்திரத்தின் கையில். நாம் பேசிக்கொண்டிருப்பது இடையிலுள்ள இரண்டாம் படியை. இதில் திருப்புவதும், வேகத்தை ஆள்வதும் யந்திரத்தின் வேலை. சாலையைக் கவனித்துக்கொண்டே இருப்பதும், யந்திரம் தவறும் கணத்தில் வண்டியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வதும் மனிதனின் வேலை. யந்திரம் எப்போது தவறும் என்று முன்னறிவிப்பு வருமென்ற உறுதி இல்லை. சில சமயங்களில் தான் தவறுகிறோம் என்பதே அதற்குத் தெரியாது. ஆகவே, மனிதன் ஒவ்வொரு விநாடியும் விழித்திருக்க வேண்டும். உழைப்பு யந்திரத்துக்கு, காவல் மனிதனுக்கு என்பதே இங்குள்ள உடன்படிக்கை.

"ஓட்டுவதைவிடப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். மாணவர்களாகிய உங்களுக்குப் பழக்கமான இடத்திலிருந்தே ஓர் உதாரணம் காட்டுகிறேன். பரீட்சை மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரம் எழுதுகிறவர்களுக்குக் கை வலிக்கும். ஆனால் தூக்கம் வராது. மேற்பார்வையாளருக்கோ எழுத வேண்டியது ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அவருக்குத்தான் கண் சொருகும். அதனாலேயே அவர் நாற்காலியை விட்டு எழுந்து வரிசை வரிசையாக உலாவுகிறார். இரவில் தெருக்காவல் புரிபவர் தடியைத் தட்டிக்கொண்டும், குரல் கொடுத்துக்கொண்டும் நடப்பதும் திருடனை அச்சுறுத்த மட்டுமன்று. அவருடைய கண் மூடாதிருக்கவும் அந்த ஓசை உதவுகிறது.

அனுபவம் கூறும் இந்த உண்மையை விஞ்ஞானம் அளந்து காட்டியது இரண்டாம் உலகப் போரின்போது. பிரிட்டிஷ் விமானப் படையினர் கடலின்மேல் பறந்து, ரேடார்த் திரையில் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடினர். திரையில் எப்போதோ ஒரு சிறு ஒளிப்புள்ளி தோன்றும். நேரம் செல்லச் செல்ல, அந்தப் புள்ளி கண்முன் தோன்றியும் பலர் அதைக் காணத் தவறினர். இதன் காரணத்தை ஆராயும் பொறுப்பு கேம்பிரிட்ஜில் இருந்த நார்மன் மாக்வொர்த் என்ற உளநூல் அறிஞரிடம் வந்தது. அவர் ஒரு வினோதமான கடிகாரத்தைச் செய்தார். அதன் முகத்தில் எண்கள் இல்லை. ஒரு முள் மட்டும் விநாடிக்கு ஒருமுறை குதிக்கும். நூறு குதிப்பில் ஒரு சுற்று முடியும். அரைமணிக்குப் பன்னிரண்டு முறை மட்டும், எதிர்பாராத சமயத்தில், முள் இரட்டைத் தூரம் குதிக்கும். அதைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு இதுதான் வேலை.

1948ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆராய்ச்சியின் முடிவு இன்றும் பேசப்படுகிறது. முதல் அரைமணி வரையில் பெரும்பாலோர் நன்றாகவே கவனித்தனர். அதன் பின் தவறவிடும் எண்ணிக்கை வெளிப்படையாக உயர்ந்தது. இவர்கள் சோம்பேறிகள் அல்லர்; தேர்ந்தெடுத்த இளைஞர்கள். கண்ணும் நல்ல கண். ஆயினும், அரிதாக நிகழ்வது ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வேலையில், மனித மனம் அரைமணிக்கு மேல் முழுத் திறமையோடு நிற்பதில்லை. அரைமணி கண்காணிப்பு, அரைமணி ஓய்வு என்று மாற்றி மாற்றி அமைத்தபோது இந்தச் சரிவு தோன்றவில்லை என்பதையும் மாக்வொர்த் கண்டார்.

"ஒன்றும் செய்யாதவனுக்குக் களைப்பு எப்படி வரும்?" என்பது அடுத்த கேள்வி. களைப்பு இருவகைப்படும். கூட்ட நெரிசலில் ஒலிப்பானை அழுத்தி, பிரேக்கை மிதித்து, நாற்புறமும் பார்த்து ஓட்டியவனுக்கு வருவது உழைப்பின் களைப்பு. நேரான நெடுஞ்சாலையில், மாற்றமில்லாத காட்சியில், கைக்கும் காலுக்கும் வேலையின்றி அமர்ந்திருப்பவனுக்கு வருவது உழைப்பின்மையின் களைப்பு. முதல் வகை உடலில் தெரியும். நாமே உணர்ந்து வண்டியை நிறுத்துவோம். இரண்டாவது வகையோ சுகம்போல வந்து சேரும். ஆபத்தில்லை என்று மனம் நம்பும். நம்பவே கவனம் தளரும். தளர்ந்ததும் எண்ணங்கள் வேறெங்கோ செல்லும். கண்காணிப்பது ஓய்வு என்று எண்ணுவதே தவறு. அது மனத்துக்குக் கடினமான உழைப்பு என்று ஜோயல் வார்ம், ராஜா பரசுராமன், ஜெரால்டு மாத்யூஸ் என்ற மூவர் 2008ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினர். ஒன்றும் நிகழாத இடத்தில் கவனத்தைப் பிடித்து நிறுத்துவதற்கு மனம் தன் வலிமையைச் செலவிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் கருத்து.

இதனுடன் உண்மையான உறக்கமும் சேர்ந்தால் அபாயம் பன்மடங்காகிறது. நம் உடலில் இரவு பகல் என்னும் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரையிலும், மறுபடியும் பிற்பகலிலும் அது நம்மை உறக்கத்தை நோக்கி இழுக்கிறது. அந்த வேளையில் சில விநாடிகள் மட்டும் நீடிக்கும் குட்டித் தூக்கம் வரும். சில சமயம் கண் திறந்தே இருக்கும், மூளை பார்க்காது. இரவில் பாடம் படிக்கும்போது உங்களுக்கே இது நேர்ந்திருக்கும். பக்கம் புரண்டிருக்கும், படித்தது என்னவென்று கேட்டால் தெரியாது. அங்கே இழப்பு ஒரு பக்கந்தான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. நான்கு விநாடித் தூக்கத்தில் 110 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. அது ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் காரில் ஓட்டுபவர் கண்ணயரத் தொடங்கினால் வண்டி சற்றே ஒதுங்கும். சாலையோர மேட்டில் ஏறி அதிரும். அந்த அதிர்ச்சி பலரை எழுப்பியிருக்கிறது. பக்கத்தில் இருப்பவரும், "என்ன, தூக்கமா?" என்று தோளைத் தட்டுவார். யந்திரம் திருப்பும் காரில் இந்த அடையாளம் மறைந்துவிடுகிறது. மனிதன் உறங்கினாலும் வண்டி கோட்டுக்குள் அழகாகவே செல்லும். பக்கத்தில் இருப்பவரும் அறியார். பின்னால் வருபவரும் அறியார். யந்திரத்தின் திறமையே மனிதனின் அயர்வுக்குத் திரையாகிறது.

இனி, உண்மையில் நிகழ்ந்த இரண்டு விபத்துகளைக் கூறுகிறேன். 2016ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி, பிற்பகல் வேளை. அமெரிக்காவில் ஃபிளாரிடா மாநிலத்து வில்லிஸ்டன் ஊருக்கு அருகே டெஸ்லா கார் ஒன்று நெடுஞ்சாலையில் சென்றுகொண்டிருந்தது. எதிர்ப்புறமிருந்து வந்த நீண்ட டிரெய்லர் லாரி ஒன்று, பக்கச் சாலையில் நுழைவதற்காகக் குறுக்கே திரும்பியது. காரின் யந்திரம் பிரேக்கை இடவில்லை; மனிதரும் இடவில்லை. கார் லாரியின் அடியில் புகுந்து, ஓட்டியவர் உயிரிழந்தார். லாரி குறைந்தது ஏழு விநாடிகளேனும் அவர் கண்ணுக்குத் தெரியும்படி இருந்திருக்க வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புத் துறையினர் கணக்கிட்டனர். அந்தப் பயணத்தில் யந்திரம் வண்டியைத் திருப்பிய நேரம் 37 நிமிஷங்கள். அவற்றில் அவர் கை ஸ்டியரிங் சக்கரத்தில் இருந்ததாகக் கருவி பதிவு செய்த நேரம் மொத்தம் 25 விநாடிகள்.

இரண்டாவது விபத்து 2018ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி இரவு, அரிஸோனா மாநிலத்து டெம்பி நகரில் நேர்ந்தது. ஊபர் நிறுவனம் தானே ஓடும் காரொன்றைச் சாலையில் சோதித்துக்கொண்டிருந்தது. யந்திரத்தைக் கண்காணிப்பதற்கென்றே சம்பளம் பெற்ற ஒருவர் ஓட்டுநர் இடத்தில் அமர்ந்திருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியின்மீது அந்தக் கார் மோதிற்று, அவர் இறந்தார். மோதலுக்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே யந்திரம் அவரைக் கண்டிருந்தது. ஆனால் நடந்து செல்லும் மனிதர் என்று அதற்குப் புலப்படவே இல்லை. கண்காணிப்பவரின் பார்வையோ கீழே இருந்தது. அவர் தலை நிமிர்ந்தது, மோதலுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி இருந்தபோதுதான். முன்பு இத்தகைய கார்களில் இருவர் அமர்வது வழக்கம். அந்த விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் நிறுவனம் அதனை ஒருவராகக் குறைத்திருந்தது.

இவற்றைக் கேட்டவுடன், "அஜாக்கிரதை! தண்டிக்க வேண்டும்" என்று சொல்லத் தோன்றுகிறது. பொறுப்பு அவர்களுக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இரண்டு விபத்துகளிலும் ஓட்டுநர் இருக்கையில் இருந்தவரின் கவனக்குறைவை எடுத்துக் கூறியது. ஆனால் அத்துடன் நிறுத்தவில்லை. அந்தக் கவனக்குறைவுக்கு இடங்கொடுத்த அமைப்புகளையும் குறை கூறியது. 1983ஆம் ஆண்டிலேயே லிஸான் பெயின்பிரிட்ஜ் என்ற ஆங்கில அறிஞர் இந்த முரண்பாட்டைத் தெளிவாக எழுதியிருந்தார். மனிதன் நம்பத்தகாதவன் என்று கருதித்தான் வடிவமைப்பவர் அவன் வேலையை யந்திரத்துக்கு மாற்றுகிறார். பின்னர், யந்திரத்தால் முடியாத மிகக் கடினமான கணத்தை மட்டும் அதே மனிதனிடம் விட்டுவிடுகிறார். நாள்தோறும் செய்யாததால் அவன் கைப்பழக்கமும் குன்றியிருக்கும், விழிப்பும் குன்றியிருக்கும். நீந்தத் தெரிந்தவனை ஆண்டுக்கணக்கில் படகிலேயே உட்காரவைத்துவிட்டு, நடுக்கடலில் படகு கவிழும்போது மட்டும் "நீந்து" என்று சொல்வதைப் போன்றது இது.

இதற்குப் பரிகாரம் என்ன? நம் ரயில்வேயில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. ரயில் எஞ்சினைச் செலுத்துபவர் திருப்ப வேண்டிய அவசியம் இல்லை, தண்டவாளமே திருப்புகிறது. ஆகவே கண்ணயர்வு என்னும் தொல்லையை ரயில்வேக்காரர்கள் மோட்டார்க்காரர்களுக்கு முன்பே அறிந்திருந்தனர். எஞ்சினில் ஒரு விழிப்புக் கருவி வைத்தனர். ஏறக்குறைய ஒரு நிமிஷம் வரை ஓட்டுநர் ஒரு செயலும் செய்யாவிட்டால் விளக்கு எரியும். பிறகு ஒலி எழும். அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் தானே விழுந்து வண்டி நின்றுவிடும். இது தவிர, ஓட்டுநரும் உதவியாளரும் வரும் கைகாட்டியின் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வது விதி. ஜப்பானிய ரயில்வேயில் கையை நீட்டிச் சுட்டிக்காட்டியும் சொல்கின்றனர். பார்ப்பது என்னும் வேலைக்கு இவ்வாறு வாயையும் கையையும் துணை சேர்த்திருக்கின்றனர்.

கார்களிலும் இத்தகைய ஏற்பாடு வந்தது. சக்கரத்தில் கை இல்லையென்றால் மணி அடிக்கும். ஆனால், மனிதனின் குறும்பு எல்லையற்றது அல்லவா? சிலர் சக்கரத்தின் இடுக்கில் ஆரஞ்சுப் பழத்தைச் செருகி யந்திரத்தை ஏமாற்றினர். சிலர் அதற்கென்றே விற்ற எடைக்கட்டிகளை வாங்கி மாட்டினர். கை இருக்கிறதா என்று பார்ப்பதைவிடக் கண் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை என்பது இதனால் விளங்கிற்று. இப்போது சில கார்களில் ஓட்டுபவர் முகத்துக்கு எதிரே ஒரு சிறு காமிரா இருக்கிறது. இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது, பார்வை சாலையில் இருக்கிறதா என்று அது கணக்கிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024ஆம் ஆண்டு ஜூலை முதல், தூக்கக் கலக்கத்தை அறிந்து எச்சரிக்கும் ஏற்பாடு புதிய கார்களுக்குக் கட்டாயமாகியிருக்கிறது. அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு டிசம்பரில், ஓட்டுநரின் கவனத்தைக் காக்கும் ஏற்பாடு போதாது என்ற காரணத்தால், இருபது லட்சத்துக்கு மேற்பட்ட டெஸ்லா கார்களைத் திருத்தியமைக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு வழியும் உண்டு. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் பொறுப்பை முழுவதும் யந்திரமே ஏற்பது. எல்லை முடிவதற்கு முன் மனிதனுக்குத் தக்க அவகாசம் தருவது. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு 2020ஆம் ஆண்டில் இயற்றிய விதி ஒன்று இந்தக் கொள்கையைத் தழுவியது. நெடுஞ்சாலையில், முதலில் மணிக்கு 60 கிலோமீட்டர் வரையில் மட்டும் இது அனுமதிக்கப்பட்டது. யந்திரம், "இனி நீ எடுத்துக்கொள்" என்று அறிவித்தால் மனிதனுக்குப் பத்து விநாடிகளேனும் கிடைக்க வேண்டும். அதற்குள் அவன் எடுத்துக்கொள்ளாவிட்டால் யந்திரமே வண்டியை ஒழுங்காக நிறுத்த வேண்டும். அங்கும் அவன் உறங்கலாகாது. எனினும், எக்கணமும் காவல் காக்க வேண்டும் என்ற பாரம் அவனுக்கு இல்லை. இதில் ஒரு நேர்மை இருக்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களிற் பலர் இன்னும் சில ஆண்டுகளில் கார் ஓட்டுவீர்கள். சிலர் பொறியியல் கற்று யந்திரங்களை அமைப்பீர்கள். ஓட்டப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: கார் தானே திரும்புகிறது என்பதற்காக நீங்கள் பிரயாணி ஆகிவிடவில்லை. யந்திரம் உங்களுக்கு உதவியாள், எசமானன் நீங்களே. கண் கனக்கும்போது கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவதும், பாட்டை உரக்க வைப்பதும் நிலையான பயன் தருவதில்லை. உறக்கத்துக்கு மருந்து உறக்கந்தான். பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு கோப்பை காபி அருந்தி, கால்மணி நேரம் கண்ணயர்ந்து எழுவது ஓரளவு உதவும். இரவெல்லாம் விழித்தவர் மறுநாள் சாவியைத் தொடாமலிருப்பது அதைவிட நல்லது.

யந்திரம் அமைக்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். மனிதனால் எது முடியும், எது முடியாது என்பதை அறிந்து அவனுக்கு வேலை கொடுங்கள். யந்திரத்தால் முடிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவன் தலையில் போடாதீர்கள். பார்க்கச் சொன்னால் பார்ப்பதற்கு உரிய வேலையையும் சேர்த்துக் கொடுங்கள். அதுவும் இயலாதென்றால் பொறுப்பை யந்திரமே ஏற்கட்டும்.

சாலையில் செல்பவர் காரில் இருப்பவர் மட்டும் அல்லர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருட்டில் சாலையைக் கடக்கும் ஒருவருக்கு, எதிரே வரும் வண்டியை ஓட்டுவது மனிதனா, யந்திரமா என்று தெரியாது. யாரோ ஒருவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அவர் சாலையில் காலை வைக்கிறார். அந்த நம்பிக்கையைக் காப்பது ஓட்டுகிறவர் கடமை. ஓட்டும் யந்திரத்தை அமைக்கிறவர் கடமையும் அதுவே.